வெள்ளைத் தரை

அக்காவின் கண் கெட்டுவிட்டது என்று முதலில் சொன்னது அக்காதான். வேறு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. மறுக்கவும் இல்லை.

அவள் பல் செய்கிறவள். பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள். இவள் பீங்கானில் பல் செய்து திருப்பி அனுப்புவாள். பதினேழு வருடங்களாக இதுதான் பிழைப்பு. கடைவாய்ப் பல்லை யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்பாள். முன்பல்தான் வேலை. பக்கத்தில் நிற்கும் சொந்தப் பல்லோடு நிறம் ஒட்ட வேண்டும். சிரித்தால் எது முளைத்தது, எது செய்தது என்று தெரியக் கூடாது. அதற்காகப் பதினாறு மாதிரிப் பற்களைக் கோத்த பட்டை ஒன்று வைத்திருக்கிறாள். பதினாறில் எது என்று டாக்டர் குறித்து அனுப்புவார். இவள் பொடி குழைத்து, பூசி, சுட்டு எடுத்து, மாதிரியோடு ஒட்டிவைத்துப் பார்ப்பாள். விளக்கை நம்ப மாட்டாள். பகல் வெளிச்சத்தில் பார்த்தால்தான் அவளுக்குத் திருப்தி.

அத்தான் பொய் சொன்னால் அக்கா அவர் கண்ணைப் பார்ப்பதில்லை, பல்லைத்தான் பார்க்கிறாள் என்பது வீட்டில் பழைய கேலி.

பத்து மாதங்களுக்கு முன் அவள் புது இடத்துக்கு மாறினாள். சிறு தொழில் செய்கிறவர்களுக்கென்று கட்டிய நான்கு மாடிக் கட்டிடம். எதிரெதிரே இரண்டு வரிசை அறைகள், நடுவில் வண்டிகள் வந்து சரக்கு இறக்க ஒரு வெட்டவெளி. அக்காவின் அறை முதல் மாடியில். நேர் வெயில் விழாத பக்கம், பெரிய ஜன்னல். அந்தக் கட்டிடத்தை வரைந்தது நான் வேலை பார்க்கும் ஆபீஸ். அதன் வெளிச்சத்தைக் கணக்கிட்டது நான்.

மூன்றாவது மாதத்தில் முதல் பல் திரும்பி வந்தது. சாம்பல் பூத்திருக்கிறது என்று டாக்டர் எழுதியிருந்தார். அக்கா மறுபேச்சில்லாமல் வேறொன்று செய்து அனுப்பினாள். அடுத்த மாதம் இரண்டு வந்தன. போன மாதம் நான்கு. எல்லாம் முன்பல். அறையில் மாதிரியோடு ஒட்டிப்போன பல், அங்கே வாய்க்குள் வைத்ததும் செத்த பல்லாகத் தெரிந்ததாம். ஆரம்பத்திலிருந்து அவளிடமே வேலை கொடுத்துவந்த பெரிய டாக்டர் தானே போன் செய்து, கொஞ்ச நாளைக்குக் கடைவாய் வேலை மட்டும் அனுப்புகிறேன் என்று மரியாதையாகச் சொன்னார்.

அக்கா அதை என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"என்னையும் கடைவாய்ப் பக்கம் தள்ளிட்டாங்கடி."

நானும் சிரித்தேன். சிரித்ததை இப்போது நினைத்தால் காது சுடுகிறது.

*

என் வேலை இது. கட்டாத கட்டிடத்துக்குள் பகல் எப்படி இருக்கும் என்று கணினியில் பார்த்துச் சொல்வது.

கட்டிடத்தை மென்பொருளில் ஏற்றியபின் அதற்கு ஒரு வானமும் ஒரு தரையும் கொடுக்க வேண்டும். வானம் என்பது மேலே கவிழ்த்த கிண்ணம். தெளிவா மூட்டமா, அடிவானம் எவ்வளவு மங்கல் என்பதை நாம்தான் வைக்க வேண்டும். தரை என்பது கீழே ஒரு தட்டு. அது என்ன நிறம், தன் மேல் விழுகிற வெளிச்சத்தில் எவ்வளவைத் திருப்பி அனுப்பும் என்பதையும் நாம்தான் வைக்க வேண்டும். வானத்தை எல்லோரும் கவனிப்பார்கள். தரையை மறந்துவிடுவார்கள். ஆனால் அறைக்குள் வரும் வெளிச்சத்தில் ஒரு பகுதி தரையில் பட்டு, ஜன்னல் வழியே ஏறி, உள்கூரையில் பட்டு, பிறகுதான் மேசைக்கு இறங்குகிறது. தரை என்ன நிறமோ, அந்த நிறத்தையும் கூடவே கொண்டுவருகிறது.

கடைசியில் ஓர் எண் வரும். மூட்டமான நாளில் வெளியே நூறு பங்கு வெளிச்சம் என்றால் மேசைக்கு எத்தனை பங்கு என்பது அந்த எண். நுணுக்க வேலைக்கு மூன்று வேண்டும் என்பது எங்கள் ஆபீஸ் வழக்கம்.

எனக்குப் பக்கத்து மேசைக்காரனை மேகம் என்று கூப்பிடுவார்கள். விற்பனைக்கான படங்களைச் செய்கிறவன். எந்தப் படமானாலும் ஓரத்தில் இரண்டு மேகம் வைக்காமல் விட மாட்டான். படம் பொய் சொல்லும், எண் சொல்லாது என்று நான் அவனிடம் அடிக்கடி சொல்வேன். ஒரு முறை ஒரு பள்ளிக்கூடத்துக்கு அவன் எண் எடுத்தபோது வானத்தை மூட்டத்துக்கு மாற்றாமல் தெளிவாகவே விட்டுவிட்டான். அதை நான் கண்டுபிடித்தேன். அவன் மேசைக்குப் போய்ச் சொல்லியிருக்கலாம். வாராந்தரக் கூட்டத்தில் சொன்னேன்.

"எல்லாத்துலயும் மேகம் வெப்பாரு. வெக்க வேண்டிய எடத்துல மட்டும் மறந்துட்டாரு."

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். காது மட்டும் சிவந்திருந்தது. அன்றே உட்கார்ந்து சரி செய்தான்.

அதற்கு அடுத்த மாதம் அக்காவின் கட்டிடம் வந்தது. அப்போது அது அக்காவின் கட்டிடம் இல்லை. மேகம் விடுப்பில் இருந்ததால் படத்தையும் எண்ணையும் நானே செய்தேன். முதலாளி என் பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தார். அறையின் உள்கூரை செத்துக் கிடக்கிறது, கொஞ்சம் உயிர் கொடு என்றார்.

உள்கூரை செத்துக் கிடந்ததற்குக் காரணம் தரை. வரைபடத்தில் வெட்டவெளிக்குக் கருஞ்சிவப்புக் கல் குறித்திருந்தார்கள். வண்டி எண்ணெய் சிந்தினால் கறை தெரியாது என்பதற்காக. அந்தக் கல் நூற்றில் பன்னிரண்டு பங்கைத்தான் திருப்பி அனுப்பும். வானத்தை ஏற்றினால் பார்க்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும். அதனால் தரையை ஏற்றினேன். சிவப்பை எடுத்துவிட்டு வெள்ளைக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்தினேன். அறுபத்தைந்து. படத்தில் தரை தெரியவே இல்லை, ஜன்னல் கட்டைக்குக் கீழே இருந்தது. உள்கூரை மட்டும் கழுவிவிட்ட மாதிரி ஆயிற்று. இதுதான் வேண்டும் என்று முதலாளி போய்விட்டார்.

படத்துக்கு ஒரு கோப்பு, எண்ணுக்கு ஒரு கோப்பு என்று பிரித்து வைப்பது எங்கள் முறை. அன்று நான் பிரிக்கவில்லை. மறுநாள் அதே கோப்பிலிருந்து எண் எடுத்தேன். முதல் மாடி வரிசை முழுக்க மூன்று புள்ளி இரண்டு. நான் சந்தேகப்படவில்லை. சந்தோஷப்பட்டேன். எதிர்வரிசை இவ்வளவு பக்கத்தில் இருந்தும் மூன்றைத் தாண்டியிருக்கிறது என்று முதலாளி கூட்டத்தில் என்னை எழுப்பி நிறுத்திப் பாராட்டினார்.

அக்கா அப்போது இடம் தேடிக்கொண்டிருந்தாள். நான் அன்று சாயங்காலமே அவள் வீட்டுக்குப் போனேன். படத்தை நம்பாதே, எண்ணைப் பார் என்றேன். அவள் எண்ணைப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். வாரக் கடைசியில் முன்பதிவு செய்தாள்.

பதினாறு நாள் கழித்து, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, வேறொரு வேலைக்காக அந்தக் கோப்பைத் திறந்தேன். தரை வெள்ளையாக இருந்தது.

கொஞ்ச நேரம் கையை மேசையிலேயே வைத்திருந்தேன். பிறகு தரையைச் சிவப்புக்கு மாற்றி மறுபடி ஓட்டினேன். ஒன்று புள்ளி ஏழு. உள்கூரை துருத்தண்ணீர் நிறத்துக்கு வந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு மேகம் பக்கத்திலிருந்து கேட்டான்.

"என்ன, சூரியனையே தொலைச்சிட்டீங்களா?"

ஒன்றுமில்லை என்றேன். மூடிவிட்டேன்.

அன்றைக்கு அந்த இடத்தில் அஸ்திவாரக் குழிகள் மட்டும்தான் இருந்தன. ஜன்னலைப் பெரிதாக்கியிருக்கலாம். கல்லை மாற்றியிருக்கலாம். ஒன்றும் இல்லாவிட்டாலும் அக்காவிடம் வேறு இடம் பார் என்றிருக்கலாம். இரண்டு வரி போதும். அந்த இரண்டு வரியைக் கூட்டத்தில் எழுந்து சொல்வதாக நினைத்துப் பார்த்தேன். மேகத்தின் முகத்தை நினைத்துப் பார்த்தேன். அவன் சிரித்திருக்க மாட்டான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். அப்படி எத்தனையோ நாளை வந்து போயிற்று. தளம் போட்டார்கள். சுவர் எழுப்பினார்கள். கடைசியாக வெட்டவெளிக்குக் கல் பதித்தார்கள். பதித்த அன்று போய்ப் பார்த்தேன். வரைபடத்தில் இருந்தபடியேதான் இருந்தது. சிவப்பு.

அக்கா குடிபோனபோது மேசையை எங்கே போடட்டும் என்று என்னைத்தான் கேட்டாள். கண் கூசாமல் இருக்க ஜன்னலிலிருந்து எட்டடி உள்ளே போடு என்று முன்பு படத்தைக் காட்டிச் சொல்லியிருந்தேன். அதையே நினைவு வைத்திருந்தாள். அந்த இடத்துக்கே எரிவாயுக் குழாய், காற்றுக் குழாய், தூசி உறிஞ்சும் பெட்டி எல்லாவற்றையும் சுவரோடு பதித்தாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். மேசைக்கு மேலே, என் படமும் எண்ணும் அச்சிட்ட தாளை ஒட்டிவைத்தாள். வருகிற டாக்டர்களிடம் என் தங்கச்சி போட்ட கணக்கு என்று காட்டுவாள்.

*

கண் டாக்டரிடம் துணைக்கு வா என்று அக்கா கூப்பிட்டாள். ஆபீசுக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டுப் போனேன்.

டாக்டர் பொறுமையான பெண். வழக்கமான சோதனைகளுக்குப் பிறகு ஒரு நீளப் பெட்டியைத் திறந்தார். உள்ளே பொத்தான் அளவு வில்லைகள். ஒன்றுக்கொன்று மயிரிழை நிற வித்தியாசம். கலைத்துப் போட்டு, வரிசையாக அடுக்கச் சொன்னார். அக்கா கைகளை மடியில் துடைத்துக்கொண்டு அடுக்கினாள். நான் அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். அவள் ஒரு வில்லையை எடுத்து, வைத்து, மறுபடி எடுத்தாள். பதினேழு வருடத்தில் அவள் அப்படித் தயங்கி நான் பார்த்ததில்லை.

ஒரு தப்பும் இல்லை. தனக்கே இரண்டு தப்பு வரும் என்று டாக்டர் சொன்னார். படிக்கிற கண்ணாடி மட்டும் கொஞ்சம் மாற்றச் சொன்னார்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம். சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் எதிர்க்கடைப் பலகையில் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணுன்னா கண்ணாடி போட்டுக்கலாம். கண்ணு நல்லாருக்குன்னா, கோளாறு உள்ளதான்டி இருக்கு."

உள்ளே என்றபோது நெற்றியைத் தொட்டாள்.

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். அறையில் வெளிச்சம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். யாரோ மூன்றாவது மனுஷி கேட்பது போலக் கேட்டேன்.

"அது நீ போட்ட கணக்கு. அதைக் குறை சொன்னா என் வாய் அழுகிடும்."

பஸ் வந்தது. அவளுக்கு உட்கார இடம் கிடைத்தது. எனக்கும் பக்கத்திலேயே கிடைத்தது. நான் உட்காரவில்லை.

மறுநாள் ஒரு விளக்கு வாங்கினேன். பகல் வெளிச்சத்துக்கு ஈடாக நிறம் காட்டும் விளக்கு. நல்ல விளக்குதான். சும்மா கண்ணில் பட்டது, உனக்கு உதவுமே என்று வாங்கினேன் என்று கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் அதைப் போட்டு, அதன் கீழே கையை விரித்துப் பார்த்தாள். நன்றாக இருக்கிறது என்றாள். டீ போட்டுக் கொடுத்தாள். நான் நிம்மதியாகக் குடித்தேன். எதையும் சொல்லாமலே எல்லாவற்றையும் சரி செய்துவிட்டதாக நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து அத்தான் போன் செய்தார். அவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். பிள்ளைகளை இறக்கிவிட்டு வேனை ஓரம் கட்டிவிட்டுத்தான் பேசுவார். அதனால் அவர் பேசுவது எப்போதும் அவசரமில்லாமல் இருக்கும்.

"நீ தப்பா எடுத்துக்காதேம்மா. அந்த லைட்டைத் திரும்ப அட்டைப்பெட்டிக்குள்ள வெச்சிட்டா. தங்கச்சி கைத்தடி வாங்கிக் குடுத்திருக்கான்னு சொன்னா. அப்புறம் பேசலை."

அவர் இன்னொன்றும் சொன்னார். அக்கா முன்பல் வேலையை விட்டுவிடுகிறாள். இனி கழற்றி மாட்டும் பல் செட்டுகளுக்கு ஈறு மட்டும் செய்யப் போகிறாள். ஈறெல்லாம் ஒரே சிவப்பு, அதில் நிறம் பார்க்க ஒன்றும் இல்லை. பீங்கான் பொடிகளையும் மாதிரிப் பட்டையையும் வேறு ஒரு லேப்காரருக்குக் கொடுப்பதாகப் பேசிவிட்டாள். சனிக்கிழமை பதினொரு மணிக்கு அவர் வந்து எடுத்துப் போகிறார். நீ ஏதாவது சொல்லிப் பாரேன், நீ சொன்னால் கேட்பாள் என்றார்.

*

சும்மா போய்ச் சொன்னால் அக்கா நம்ப மாட்டாள். ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைப்பாள். அவள் கண்ணால் பார்த்ததைத்தான் நம்புகிறவள். இப்போது அதையும் நம்பாதவள்.

வெள்ளிக்கிழமை ஆபீசில் அந்தக் கோப்பைத் திறந்தேன். தரையைச் சிவப்பாகவே வைத்து, முதல் மாடி ஜன்னலுக்கு நேர் கீழே மட்டும் வெள்ளையாக ஒரு பட்டை போட்டேன். எட்டுப் படுக்கை விரிப்பு அளவு. ஓட்டினேன். இரண்டு புள்ளி நான்கு. உள்கூரையில் துரு போயிருந்தது. அந்தத் துருச் சிவப்புதான் பல்லின் சாம்பலை மறைத்திருந்தது.

சனிக்கிழமை வானம் மூட்டமாக இருந்தது. என் கணக்கில் இருந்த அதே வானம். ஒன்பதரைக்கு அந்த வெட்டவெளியில் நின்றேன். என் வீட்டு அலமாரியிலிருந்து எடுத்த எட்டு வெள்ளை விரிப்புகள் இரண்டு பைகளில். வண்டி ஒன்றும் இல்லை. விரிக்க ஆரம்பித்ததும் காவலாளி வந்தார். துணி காயப்போட மொட்டை மாடி இருக்கிறது என்றார். காயப்போடவில்லை, கொஞ்ச நேரம்தான் என்றேன். ஈரமே இல்லையே என்று ஒரு ஓரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டே போனார். மூலையில் மிச்சக் கற்களை அடுக்கி வைத்திருந்தார்கள். அவற்றையே எடுத்து விரிப்புகளின் முனைகளில் வைத்தேன். சிவப்புக் கல்.

மேலே அக்கா பொடி டப்பாக்களை ஒரு பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றிலும் அவள் கையெழுத்தில் ஒரு எண். என்னைப் பார்த்ததும், நீயும் தடுக்க வந்தாயா என்றாள். ஒரு நிமிஷம் மேசையில் உட்கார் என்றேன்.

"என்னடி நாடகம் இது."

ஆனாலும் உட்கார்ந்தாள். அண்ணாந்து பார்த்தாள். உள்கூரைக்கு யாரோ வெள்ளையடித்த மாதிரி இருக்கிறதே என்றாள். கடைசியாகத் திரும்பி வந்த பல்லையும் மாதிரிப் பட்டையையும் அவள் முன்னால் வைத்தேன். போன வாரம் இதே மேசையில் இரண்டையும் ஒட்டிவைத்து, ஒன்றுபோல இருக்கிறதே, டாக்டருக்கு என்ன வந்தது என்று கேட்டவள்.

இரண்டையும் எடுத்துச் சேர்த்துப் பிடித்தாள். தள்ளிப் பிடித்தாள். மறுபடி சேர்த்தாள்.

"சாம்பல்."

எழுந்து ஜன்னலுக்குப் போனாள். கீழே பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். யார் விரித்தது என்று கேட்கவில்லை. விரிப்புகளை எடுக்கச் சொன்னாள்.

இறங்கிப் போய் எட்டையும் சுருட்டினேன். ஜன்னலை நிமிர்ந்து பார்த்தேன். அவள் மேசைக்குப் போயிருந்தாள். சற்று நேரத்தில் வந்து, விரி என்பதுபோலக் கையை ஆட்டினாள். விரித்தேன். மறுபடி எடுக்கச் சொன்னாள். எடுத்தேன். மறுபடி விரிக்கச் சொன்னாள். காவலாளி தன் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு என்னைப் பார்க்க ஆரம்பித்தார். எதிர்வரிசையில் இரண்டு ஜன்னல்கள் திறந்தன. மூன்றாவது முறை விரித்தபோது மூச்சு வாங்கியது. மேலே வா என்று கையைக் காட்டினாள்.

நான் உள்ளே போனபோது அவள் நாற்காலியை என் பக்கமாகத் திருப்பி வைத்திருந்தாள். முகத்தில் முதலில் இருந்தது சந்தோஷம்தான். கண் தன்னிடமே இருக்கிறது என்று தெரிந்துகொண்ட சந்தோஷம். அதைப் பார்த்த கொஞ்ச நேரம் எனக்குப் போதும் என்றிருந்தது. பிறகு அது மாறியது. அவள் யோசிப்பது தெரிந்தது.

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

சொன்னேன். நின்றபடியே சொன்னேன். தரை, வெள்ளை, அறுபத்தைந்து, பிரிக்காத கோப்பு. அவள் குறுக்கே எதுவும் கேட்கவில்லை. தவறுதலாக நடந்தது என்று முடித்தேன்.

"எப்போ கண்டுபிடிச்சே?"

"அஸ்திவாரம் தோண்டும்போதே."

அவள் ஜன்னலைப் பார்த்தாள். கணக்குப் போடுகிறவள் போல உதடு அசைந்தது.

"அப்போ கண் டாக்டர்கிட்ட வந்தப்போ தெரியும்."

"தெரியும்."

"பக்கத்துல உட்கார்ந்திருந்தே."

"ஆமாக்கா."

"நான் அந்த வில்லையெல்லாம் அடுக்கும்போது."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தினால் நன்றாக இருந்திருக்கும். அவள் எழுந்து, சுவரில் ஒட்டியிருந்த தாளின் ஒட்டுப்பட்டைகளை நகத்தால் ஒவ்வொன்றாகக் கிளப்பினாள். கிழியாமல் எடுத்தாள். நாலாக மடித்து என் கையில் வைத்தாள்.

இந்த வரிசையில் இன்னும் ஆறு பேர் இருக்கிறார்கள் என்றாள். ஒருவர் கைக்கடிகாரம் பழுது பார்க்கிறவர். ஒருத்தி பூத்தையல் போடுகிறவள். கடிகாரக்காரர் போன மாதம் இரண்டாவது தடவை கண்ணாடி மாற்றினார். வயதாகிவிட்டது என்று அவரே சொல்லிக்கொண்டு போனார். அவர்களை நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு வருடமாக எனக்கு அந்தக் கட்டிடத்தில் ஒரே ஒரு அறைதான் இருந்தது. அந்த அறையிலும் இருந்தது நான்தான்.

"உன் ஆபீசுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"சொல்லு. அதுக்கப்புறம் என்கிட்ட பேசு."

டி இல்லை. அன்று அதற்குப் பிறகு ஒரு தடவைகூட அவள் டி போடவில்லை.

அவள் போனை எடுத்து அந்த லேப்காரரிடம் வர வேண்டாம் என்று சொன்னாள். காரணம் சொல்லவில்லை. பெட்டியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தாள், இன்னொன்றை எடுத்தாள். மேசையில் பழைய வரிசையில் வைத்தாள். பொடி குழைக்கும் கண்ணாடித் தகட்டைத் துடைத்தாள். பிறகு என்னைப் பார்க்காமலே, கீழே காற்று அடிக்கிறது, விரிப்பு மடிகிறது என்றாள். பெரிய டாக்டருக்கு அந்தப் பல்லை இன்றைக்கே செய்து அனுப்பப் போகிறேன், முடியும்வரை மடியாமல் பார்த்துக்கொள் என்றாள்.

கீழே போனேன். ஒரு விரிப்பு பாதியாக மடிந்து கிடந்தது. இழுத்துவிட்டேன். கல்லை மேலும் இரண்டு கொண்டுவந்து வைத்தேன். அப்படியும் நடுவில் புடைத்தது. ஓரத்தைக் காலால் மிதித்துக்கொண்டு போனை எடுத்தேன். முதலாளிக்கும் மேகத்துக்கும் சேர்த்தே எழுதினேன். தரையைத் தவறுதலாக வெள்ளையாக வைத்துக் கணக்கிட்டுவிட்டேன். முதல் மாடி வரிசையில் மூன்று புள்ளி இரண்டு இல்லை, ஒன்று புள்ளி ஏழு. இது எனக்கு இரண்டு வருடமாகத் தெரியும்.

தவறுதலாக என்ற சொல்லை அழித்தேன். மறுபடி எழுதினேன். முதல் வரிக்கு அது உண்மை. கடைசி வரிக்கு இல்லை. அழித்துவிட்டு அனுப்பினேன்.

காவலாளி வந்து பக்கத்தில் நின்றார். மறுமுனை பறக்கப் பார்ப்பதைக் கண்டு தானே ஒரு கல்லை நகர்த்தி வைத்தார். இது என்னம்மா, பூஜையா, பந்தயமா என்றார். பல் செய்கிறார்கள் என்றேன். அவர் மேலே பார்த்தார், கீழே பார்த்தார், அதற்குமேல் கேட்கவில்லை.

பத்து நிமிஷத்தில் மேகத்திடமிருந்து பதில் வந்தது. எந்தக் கோப்பு என்று சொல்லுங்கள், திங்கட்கிழமை வந்ததும் மற்ற மாடிகளையும் நான் ஓட்டிப் பார்க்கிறேன் என்று எழுதியிருந்தான். வேறு ஒன்றும் இல்லை. அதை இரண்டு தடவை படித்தேன். முதலாளியிடமிருந்து அழைப்பு வந்தது. கையில் போன் அதிர்ந்துகொண்டிருந்தது. அதை எடுப்பதற்காக அசைந்தபோது என் செருப்புக் கால்கள் விரிப்பின் நடுவுக்கு வந்துவிட்டன. கருப்புச் சட்டையும் கருப்புப் பையுமாக நான் வெள்ளையின் மேல் நின்றிருந்தேன்.

மேலே ஜன்னலில் அக்கா தெரிந்தாள். கையில் தூரிகை இருந்தது.

"அது மேல நிக்காதே. ஓரமா நில்லு."

நகர்ந்து நின்றேன். போனை எடுத்து, ஆமாம் சார், நான்தான் என்றேன்.